தெருக் கூடமும் பொதுத் திடலும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சிலம்பம்

பள்ளிக்கூடத்துக்கு விழா மலர் போடுவது எளிது. வருகைப் பதிவேடு இருக்கும். தலைமை ஆசிரியர்களின் பெயரை வரிசையாக எழுதிய பலகை இருக்கும். அடிக்கல் நாட்டியவர் யார், அது எந்த நாள் என்று கல்லிலேயே வெட்டியிருக்கும். சிலம்பக் கூடத்துக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. வாத்தியார் இருக்கும்வரை கூடம் இருக்கும். அவர் மறைந்தால் மூத்த மாணவர் ஒருவர் கம்பை எடுப்பார். எடுக்க ஆளில்லாவிட்டால் அந்தத் திடலில் மறுபடியும் நெல் காயும். இந்த வட்டாரத்துக் கூடங்களின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆண்டுவாரியாகப் பட்டியல் போட வழியில்லை என்று முன்னதாகவே சொல்லிவிட்டேன். இந்த மண்ணில் கம்பு எப்படித் தங்கியது, உடம்புக்கும் ஊருக்கும் அது என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதைத்தான் எழுத முடியும்.

கூடம் என்றால் சுவரும் கூரையும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அது அறுவடை முடிந்த களம், ஏரிக்கரை, மாரியம்மன் கோயில் திடல். பொழுது சாய்ந்ததும் ஒரு விளக்கை ஏற்றி, கம்புகளை மரத்தில் சாய்த்து வைத்தால் அதுதான் கூடம். சேர வருகிறவன் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், முடிந்த தட்சிணை வைத்து வாத்தியார் காலைத் தொடுவான். மாதச் சம்பளம் என்பது அண்மைக்கால ஏற்பாடு. புதிதாக வந்தவனுக்குப் பெரும்பாலும் வாத்தியார் நேரடியாகச் சொல்லித் தருவதில்லை. அவனுக்கு முன்னால் சேர்ந்தவன் சொல்லித் தருவான், அவன் தப்பைச் சட்டாம்பிள்ளை திருத்துவார், சட்டாம்பிள்ளையின் தப்பை வாத்தியார் திருத்துவார். வேற்றூர்க்காரர் ஒருவர் கம்பைச் சுழற்றினால், இரண்டு வீச்சு பார்த்துவிட்டு “எந்த ஊர்க் கம்பு? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் கூடங்களின் ஒரே ஆவணம். அது நாவிலேயே இருந்தது, நாவோடு போயும் விட்டது.

சிலம்பத்தைப் பற்றி மலர்களில் எழுதுகிறவர்கள் ஐயாயிரம் ஆண்டு என்று தொடங்குவது வழக்கம். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. கண்ணால் பார்க்கக் கூடியதே நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல், சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுடைய கிடங்கில்தான். ஓய்மானாட்டை ஆண்ட அவனுடைய கோட்டை ஊர் அது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. அதன் வாயிலில் காவலர் உருவங்கள் நிற்கின்றன. தடியின் மேல் கையை ஊன்றி நிற்கும் தோரணையைப் பார்த்தால், ஆயுதத்தை ஓய்வாகப் பிடிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தே சிற்பி செதுக்கினான் என்று தோன்றும். அரசலாபுரத்தில் இன்னும் சுவையான கல் ஒன்று உண்டு. சண்டையில் செத்த சேவலுக்கு எடுத்த நடுகல் அது. எழுத்தமைதியைக் கொண்டு 5, 6-ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள். சேவலுக்கே கல் நட்ட ஊர்களில் மனிதர்களின் சண்டைக்கலைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று வாசகர்கள் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் தானியக் களஞ்சியத்துக்கு அருகே உள்ள ஒரு கட்டடத்தை உடற்பயிற்சிக் கூடம் என்றே வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். கல்யாண மகாலைப் படம் எடுக்கும் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்த கோட்டை, 1698-இல் நெடிய முற்றுகைக்குப் பின் மொகலாயரிடம் போனது. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே மடிந்தான் செஞ்சியை ஆண்ட தேசிங்கு. அவனோடு அவன் தோழன் மகபத்கானும் செத்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். கோட்டைக்குக் கிடைத்த பெருமையில் உள்ளே பயிற்சி எடுத்தவர்களின் உடம்புக்கும் பங்கு உண்டு.

1801 இந்த வட்டாரத்துக்குக் கெட்ட ஆண்டு. அந்த ஜூலையில் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. தென்னாற்காடு அதோடு போனது. தெற்கே மருது சகோதரர்கள் அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையக்காரர் நாடுகளில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து அறிக்கை விட்டார். 1878-இல் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. அப்புறம் எந்தச் சாதி இளைஞர்கள் இரவில் ஓரிடத்தில் கூடினாலும் காவலருக்குச் சந்தேகம்தான். வாள் போனது, ஈட்டி போனது. கம்பு போகவில்லை. மாடு ஓட்டுகிறவன் கையிலும், வரப்பில் பாம்பை விரட்டுகிறவன் கையிலும், இரவில் ஏரி மதகைக் காக்கிறவன் கையிலும் அது இருந்தது. அதைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

கம்புக்கு இன்னொரு பாதுகாப்பும் கிடைத்தது, அது கோயில் விழா. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம் செஞ்சி வட்டாரம் என்பதை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட பெரிய நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக் கிடக்கும் படுகளம், அதற்குப் பின் தீமிதி. இந்த நாட்களில் ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுழற்றுகிறவர்களை யாரும் கலகக்காரர் என்று சொல்லவில்லை. கூத்தாடியின் அடவும் சிலம்பக்காரனின் காலடியும் ஒரே திடலில் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன. தை 5-ஆம் நாள் தென்பெண்ணைக் கரையில் கூடும் ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் இன்றும் பறைக்கு முன்னால் ஒரு கம்பு சுழல்வதைக் காணலாம்.

பிரேசில் நாட்டில் கபோயிரா என்று ஒரு கலை உண்டு. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் வளர்த்த, ஆட்டமும் சண்டையும் கலந்த பயிற்சி. 1890-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் அதை ஆடுவதையே குற்றமாக்கியது. ஆடியவர்கள் இசையோடும் விழாவோடும் சேர்த்து அதைக் காப்பாற்றினார்கள். 1932-இல் மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான் சல்வடோர் நகரில் பள்ளி திறந்தார். 1937-இல் அரசே அதை ஏற்றது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. கொட்டு முழக்கத்துக்குள் ஒளிந்து பிழைத்த சண்டைக்கலை நம்முடையது மட்டுமல்ல.

விடுதலைக்குப் பின் கூடங்களைக் காப்பாற்றியது அரசா என்றால் இல்லை, சினிமா. ‘பெரிய இடத்துப் பெண்’ 1963-இல் வந்தது, ‘ரிக்‌ஷாக்காரன்’ 1971-இல். எம்.ஜி.ஆர். கம்பெடுத்த காட்சிகளுக்கு விழுந்த விசிலில் பல ஊர்களின் கூடங்கள் மறுபடி விளக்கேற்றின. இதில் ஒரு வேடிக்கை. சிவாஜி கணேசன் பிறந்த ஊர் விழுப்புரம். ஆனாலும் வாத்தியார் என்றால் இங்கேயும் கம்புக்காரர்களுக்கு எம்.ஜி.ஆர்தான். அதற்கடுத்து 1973-இல் புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ வந்தது. கொஞ்ச காலத்தில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மாடி மேல் மாடியாக கராத்தே வகுப்புப் பலகைகள் தொங்கின. வெள்ளைச் சீருடை, நிறம் மாறும் இடுப்புப் பட்டை, தேர்வு, சான்றிதழ் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. களத்துமேட்டில் அழுக்கு வேட்டியோடு கம்பு சுழற்றிய வாத்தியாரிடம் இவை எதுவும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கராத்தேக்குப் போனதில் வியப்பில்லை.

கராத்தேக்கு அந்த ஒழுங்கு பிறவியிலேயே வந்ததும் அல்ல. ஒக்கினாவா தீவில் அது ஒரு காலத்தில் மறைவாகக் கற்ற கலை. இதோசு அங்கோ என்ற ஆசான் 1901-இல் அதை சுரி நகரத் தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிப் பாடத்தில் நுழைத்தார். சிறுவர்களுக்கென்று எளிய வரிசைகளை அமைத்தார். 1908-இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் உடல்நலத்தையும் ஒரு காரணமாகக் காட்டினார். அவருக்கு முன்பே 1882-இல் ஜிகோரோ கானோ, தோக்கியோவில் ஒரு புத்த கோயிலின் 12 பாய் விரித்த அறையில் ஜூடோ பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆளைக் கொல்லக்கூடிய பிடிகளைப் பொதுப் பயிற்சியிலிருந்து விலக்கி, தானும் எதிரியும் சேர்ந்து வளர்வதே பயிற்சியின் பயன் என்று வகுத்தவர் அவர். சண்டைக்கலை பள்ளிக்குள் நுழையும்போது அதன் வாசல் பெரும்பாலும் உடல்நலம்தான். சிலம்பம் அந்த வாசலுக்கு வர நமக்கு நூறு ஆண்டு கூடுதலாகப் பிடித்தது.

சரி, உடம்புக்கு அது என்ன செய்கிறது? புதிதாகச் சேர்ந்த பிள்ளை கூடத்தில் முதலில் கம்பைத் தொடுவதே இல்லை. காலடி. முன்காலை வைத்துப் பின்காலை இழுத்து, இடம் மாற்றி, திரும்பி, மறுபடி முதலிடத்துக்கு வருவது. முட்டி மடங்கியிருக்க வேண்டும், குதிகால் மண்ணில் ஊன்றக் கூடாது, பார்வை தரைக்குப் போகக் கூடாது. தண்டாலும் பஸ்கியும் சேர்ந்தே நடக்கும். சில கூடங்களில் கர்லாக்கட்டையும் உண்டு. இதெல்லாம் ஓரளவு வந்த பிறகுதான் நெற்றி உயரம் வரும் கம்பு கைக்கு வரும். கல்மூங்கிலை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் காயவைத்து, தணலில் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்திய கம்பு. வலக்கை வீச்சு பழகினால் அடுத்த நாளே இடக்கைக்கு மாற்றச் சொல்வார்கள். கம்பு கையில் சுழல்வதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இடுப்பு திரும்பாமல் கம்பு திரும்பாது என்பது சுழற்றுகிறவனுக்குத் தெரியும். மூச்சு வாங்கும், தோள் எரியும், மணிக்கட்டும் பிடியும் உறுதிப்படும், நெஞ்சு வேகமாக அடிக்கும். கால், கை, கண், காது நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டியிருப்பதால் மனம் வேறெங்கும் போக முடியாது. செல்போனைக் கீழே வை என்று பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வேண்டியதும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும் கேட்கிறது. அது 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்த அளவை எட்டுவதில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ஏர் பூட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது திண்டிவனத்திலும் செங்கல்பட்டிலும் பேருந்து ஏறி வேலைக்குப் போய், உட்கார்ந்தே இருந்துவிட்டு, பேருந்திலேயே திரும்புகிறார்கள். பள்ளியில் விளையாட்டுப் பாடவேளை வந்தால் கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொள்வது ஊரறிந்த கதை. வாரத்தில் ஐந்து மாலை, அரைமணி நேரக் காலடியும் வீச்சும் போதும், பெரியவர்களின் குறைந்தபட்சக் கணக்கு நேராகிவிடும். ஜிம்முக்குச் செலவழிக்க முடியாத குடும்பத்துக்கு ஒரு கம்பும் ஒரு திடலும் கிடைப்பது சிறிய காரியமா?

வயதானவர்களையும் கூடம் மறந்துவிடக் கூடாது. சீனாவில் 1956-இல் தாய்ச்சி என்ற போர்க்கலையை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அந்நாட்டுப் பூங்காக்களில் காலையில் அதைப் பயில்கிறவர்களில் முதியவர்களே அதிகம். முதியோர் தடுமாறி விழுவதைக் குறைக்கும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, தாய்ச்சி விழுதல்களை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கக் கூடும் என்றது. நம் காலடி வரிசையை நிதானமாக, கம்பை ஊன்றியபடி நடத்தினால் அறுபது தாண்டியவர்களுக்கு அதே வகைப் பயிற்சி கிடைக்கும் என்பது என் கருத்து. அதைச் செய்துபார்க்கும் கூடம் ஒன்று இந்த வட்டாரத்தில் எழ வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். சிலம்பம் கற்றால் சர்க்கரை தீரும், முட்டிவலி பறந்துபோகும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களை நம்பாதீர்கள். சிலம்பத்தைப் பற்றி நம் உடற்கல்வித் துறைகளில் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களில் முடிந்தவை. பயிற்சியால் தாங்குதிறனும் சமநிலையும் கூடும் என்று அவை காட்டுகின்றன. மாத்திரையை நிறுத்தலாம் என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

உடம்பை விட்டு மனத்துக்கு வந்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. ‘தற்காப்புக் கலை கற்றால் பிள்ளை ஒழுக்கமாக வளரும்’ என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஆய்வுகள் அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்லவில்லை. 1986-இல் அமெரிக்காவில் டிரல்சன் என்ற ஆய்வாளர், 13 முதல் 17 வயதுக்குட்பட்ட, தவறான வழியில் போகும் அறிகுறி காட்டிய 34 சிறுவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வணக்கம், தியானம், நெறி எல்லாம் சேர்ந்த மரபான டேக்வாண்டோ. இன்னொரு குழுவுக்கு இவை எதுவும் இல்லாமல் அடிப்பதும் தடுப்பதும் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவில் அது கூடியிருந்தது! 2005-இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வு, குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்கத்தியச் சண்டைக்கலைகள் ஆகியவற்றில் சேர்ந்த சிறுவர்களிடம் முரட்டு நடத்தை கூடியதைப் பதிவு செய்தது. இதற்கு மாறாக, 2004-இல் ஓர் அமெரிக்கப் பள்ளியில் 207 பிள்ளைகளிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வில், வழக்கமான உடற்பயிற்சி வகுப்புக்குப் போனவர்களைவிட மரபான முறையில் டேக்வாண்டோ கற்றவர்கள் தன்னடக்கத்திலும் வகுப்பறை நடத்தையிலும் முன்னேறியிருந்தார்கள்.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்கு எழும் முடிவு இதுதான். கம்பு யாரையும் நல்லவனாக்காது. கூடம்தான் ஆக்குகிறது, அதுவும் கூடத்துக்கு முறை இருந்தால் மட்டும். பழைய வாத்தியார்கள் இதை ஆய்வு படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கம்பெடுக்கும் முன் மண்ணைத் தொட்டு வணங்குவதும், எதிராளிக்குச் சலாம் வரிசை செய்வதும், தொட்டால் போதும் என்ற இடத்தில் வீச்சை நிறுத்துவதும், தெருச் சண்டையில் கம்பை எடுத்தவனைக் கூடத்தை விட்டுத் தள்ளிவைப்பதும் சடங்கு போலத் தோன்றினாலும், பயிற்சியின் பாதி அவைதான். பழைய போட்டிகளில் கம்பு நுனியில் கரி பூசி, எதிராளியின் உடம்பில் விழுந்த கறையை எண்ணி வெற்றி சொல்வார்கள். நெற்றியில் பொட்டளவு கறை வைத்தவனுக்கு மரியாதை, மண்டையை உடைத்தவனுக்கு அவமானம். முழு வேகத்தில் வந்த கம்பை ஒரு விரல்கடைத் தூரத்தில் நிறுத்தத் தெரிந்தவனே வித்தைக்காரன். கோபத்தை அடக்கப் பழகுவதற்கு இதைவிட நேரான பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இனி ஊரின் நலம். இதை மலர்களில் எழுத யோசிப்பார்கள், எழுதாமல் விட்டால் வரலாறு பாதிதான். நம் கூடங்கள் பல தலைமுறைகளாகத் தெருவோடு தெருவாக இருந்தவை. ஊர்த்தெருவுக்கு ஒரு வாத்தியார், காலனிக்கு ஒரு வாத்தியார். ஒரே காலடி, ஒரே வீச்சு, ஆனால் ஒன்றாக நிற்பதில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், யார் உள்ளே போகலாம் என்ற தகராறில் பூட்டப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் காவல் பாதுகாப்போடு உள்ளே போய் வணங்கினார்கள். கம்பைக் காப்பாற்றிய அதே அம்மன் விழாக்கள்தான் யார் எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்பதையும் காப்பாற்றின. தன் தெருப் பிள்ளைக்கு மட்டும் தைரியம் கொடுக்கிற கூடம், ஊருக்குக் கொடுப்பது இன்னொரு பயத்தைத்தான்.

இந்த வரிசையைக் கொஞ்சமாவது கலைத்தது பள்ளி மைதானமும் மாவட்ட விளையாட்டரங்கமும்தான். அங்கே உயரத்தையும் வயதையும் எடையையும் பார்த்து ஜோடி போடுகிறார்கள். உன் தெரு எது என்று நடுவர் கேட்பதில்லை. எதிரில் நிற்பவனுக்குக் குனிந்து வணக்கம் வைக்காமல் ஆட்டம் தொடங்காது. இப்படி வணக்கம் வைத்த பிள்ளைகள் வளர்ந்து ஊருக்குத் திரும்பும்போது எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் முன்பின் பேசியிராத இரண்டு தெருக்காரர்கள் போட்டி முடிந்து ஒரே ஆட்டோவில் ஊர் திரும்புவது பழைய கூடத்தில் நடக்காத காரியம்.

மாலை ஐந்து முதல் எட்டு வரையிலான நேரத்துக்கும் ஊர் நலத்தில் பங்குண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அடுத்த ஆண்டு ஜூனில், 2019-இல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியில் அதைவிடப் பெரிய சாவு. கூடத்தால் சாராயத்தை ஒழிக்க முடியும் என்று சொல்வது மேடைப் பேச்சு. வேலை முடிந்து வரும் இளைஞனுக்குப் போக ஒரு இடம், அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள், இவ்வளவைக் கூடம் தர முடியும். அது சின்ன விஷயம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

பெண்பிள்ளைகள் கூடத்துக்கு வந்தது நம் காலத்தின் பெரிய மாற்றம். பழைய கூடங்களில் அவர்களுக்கு இடமில்லை. வாத்தியார் வீட்டுப் பெண்கள் சிலர் திண்ணையிலிருந்து பார்த்துக் கற்றதோடு சரி. இப்போது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். அதில் கராத்தேயோடு சிலம்பமும் உண்டு. மூன்று மாதத்தில் யாரும் வீராங்கனை ஆகிவிட முடியாது. ஆனால் உரத்த குரலில் எண்ணிக்கை சொல்லவும், தெருவில் நிமிர்ந்து நடக்கவும், யாராவது கையைப் பிடித்தால் விலகவும் அந்தக் காலம் போதும். உடலுழைப்பு இல்லாதவர்களில் பெண்களே அதிகம் என்ற கணக்கை மேலே கண்டோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விளையாட்டை நிறுத்திவிடும் மகளைக் கூடத்தில் தக்கவைத்தால் அந்தக் கணக்கு வருங்காலத்தில் இறங்கும். அதற்குக் கூடங்கள் செய்ய வேண்டியது எளியது. இருட்டுவதற்குள் முடியும் நேரம், உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை, பெண் பயிற்சியாளர் ஒருவர்.

அரசு அங்கீகாரம் தாமதமாக வந்தாலும் வேகமாக வந்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் தமிழக அரசு 2022-இல் சிலம்பத்தைச் சேர்த்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அது இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாக ஆடப்பட்டது. களத்துமேட்டு வித்தைக்கு இது கிடைத்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அதோடு ஒரு நோயும் வந்திருக்கிறது. சான்றிதழ் நோய். ஆறு வயதுக் குழந்தையைக் கண்ணைக் கட்டி, பானை மேல் நிறுத்தி, மணிக்கணக்கில் நிற்காமல் கம்பு சுழற்றச் சொல்லி, முடிவில் ‘உலக சாதனை’ என்று ஒரு அட்டையை மாட்டி அனுப்புகிறார்கள். கட்டணமும் உண்டு. குழந்தையின் தோள் மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் இதனால் வரும் கேட்டை எந்த எலும்பு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அந்த அட்டையால் வேலையும் கிடைக்காது. பழைய வாத்தியார் யாரும் பிள்ளையை வாந்தி வரும்வரை சுழலவிட்டதில்லை. மான்கொம்பு என்ற ஆயுதத்துக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இரும்பிலும் மரத்திலும் மாற்று செய்துகொண்ட கூடங்கள், காலத்துக்கேற்ப மாறத் தெரியாதவை அல்ல. குழந்தைகள் விஷயத்திலும் அந்த மாற்றம் வர வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் நேரடித் தொடுமுறைப் போட்டி வேண்டாம். தலைக்கும் முகத்துக்கும் கவசம் இல்லாமல் எந்த வயதிலும் வேண்டாம்.

இந்த மலரைப் படித்துவிட்டுப் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை போய்த் திடலோரம் உட்கார்ந்து பாருங்கள். மூத்த பிள்ளைகள் சின்னவர்களை எப்படி நடத்துகிறார்கள், தவறு செய்தவனை வாத்தியார் எப்படித் திருத்துகிறார், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்களா, முதலுதவிப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகு வாத்தியாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பு வாங்க அவசரப்பட வேண்டாம். முறையான கூடத்தில் முதல் மாதம் காலடிதான், அதற்குக் கம்பு தேவைப்படாது.